வாசகர் கேள்வி-பதில்: வீட்டிலிருந்தே முதலாண்டுப் பட்டப்படிப்பு

கேள்வி: ஜூலை சேர்க்கையில் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. சேர்ந்தேன். ஆண்டு முறைப் படிப்பு. இன்னும் புத்தகம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? (வாசகி, தேனி)

பதில்: புத்தகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அதே பாடங்கள் இக்னோவின் 'இ-ஞானகோஷ்' இணையதளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. பாடக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். தலைப்பைப் போட்டால் பழைய பாடத்திட்டத்துப் புத்தகமும் சேர்ந்து வந்து குழப்பும்.

படிக்கத் தொடங்கும்போதே அசைன்மென்ட் (வீட்டிலிருந்து விடை எழுதிக் கொடுக்கும் பயிற்சி) கேள்விகளையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டில் பலர் தடுக்கி விழுவது தேர்வில் அல்ல, இங்கேதான். ஒரு தாளுக்கு அசைன்மென்ட் 30 சதவீதம், ஆண்டிறுதித் தேர்வு 70 சதவீதம். பி.ஏ.வில் இரண்டிலும் தனித்தனியாக 35 சதவீதம் எடுக்க வேண்டும். தேர்வில் 80 எடுத்தும் அசைன்மென்ட் கொடுக்காவிட்டால், கிரேடு கார்டில் (மதிப்பெண் அட்டை) அந்தத் தாள் 'முடிக்கவில்லை' என்றே நிற்கும்.

கேள்வி: அசைன்மென்டை எப்படி எழுதிக் கொடுப்பது? டைப் செய்யலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: கையால்தான் எழுத வேண்டும். ஏ4 தாள், இடப்பக்கம் நல்ல ஓரம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கட்டு. முதல் பக்கத்தில் பதிவு எண், பெயர், முகவரி, படிப்பின் குறியீடு, பாடக் குறியீடு, படிப்பு மையத்தின் குறியீடு, தேதி, கையெழுத்து. பாடக் குறியீட்டில் ஓரெழுத்து பிசகினாலும் மதிப்பெண் உங்கள் கணக்கில் ஏறாமல் போகலாம்.

கேள்வித்தாளின் தலைப்பில் எந்தப் பருவம் என்று பாருங்கள். நீங்கள் சேர்ந்த பருவத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். நண்பர் கொடுத்த போன வருடக் கேள்விக்குப் பதில் எழுதினால் அத்தனையும் வீண். காசு கொடுத்து வாங்கும் விடைகளையும் தொடாதீர்கள். ஒரே விடை பத்துப் பேரிடமிருந்து வந்தால் திருத்துபவருக்குத் தெரியாதா? சொற்கணக்கு கேட்டிருந்தால் அதற்குள் நில்லுங்கள். 500 சொல் கேட்ட இடத்தில் 1,200 எழுதினால் கூடுதல் மதிப்பெண் வராது.

ஜூன் தேர்வு எழுத நினைத்தால், அசைன்மென்ட் கொடுக்க வழக்கமாக மார்ச் 31 கடைசி நாள். பல தடவை நீட்டிப்பார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. கொடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். இணையத்தில் ஏற்றினால் உறுதிச் செய்தியைச் சேமியுங்கள். மதிப்பெண் ஏறாத நாளில் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

கேள்வி: சேர்க்கைக் கட்டணம் கட்டிவிட்டேன். தேர்வுக்கு ஹால் டிக்கெட் தானாக வருமா? (வாசகர், ஓசூர்)

பதில்: வராது. தேர்வுப் படிவத்தைத் தனியாக இணையத்தில் நிரப்பி, தாள்வாரியாகக் கட்டணம் கட்ட வேண்டும். எழுதப்போகும் ஒவ்வொரு பாடக் குறியீட்டையும் தேர்ந்தெடுத்தோமா என்று பணம் கட்டும் முன் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன். தினமும் எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: பாடத்தின் அளவை 'கிரெடிட்' என்ற அலகில் சொல்வார்கள். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். ஆறு கிரெடிட் பாடம் என்றால் 180 மணி. படிப்பது, எழுதுவது எல்லாம் இதில் அடக்கம். ஆண்டுக்கு 40 கிரெடிட் உள்ள படிப்புக்கு 1,200 மணி. 40 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 30. வேலையோடு இது கடினம், மறைக்க வேண்டியதில்லை. அதனால் எல்லாத் தாளையும் ஒரே ஜூனில் எழுதியாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம். அசைன்மென்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசி ஒரு மாதம் கையால் எழுதிப் பழகுங்கள். போனில் படித்தே பழகியவர்களுக்குத் தேர்வு மண்டபத்தில் முதல் ஒரு மணி நேரத்திலேயே விரல் சோர்ந்துவிடுகிறது.

கேள்வி: ஒரு தாள் போய்விட்டது. இரண்டாமாண்டு சேர முடியுமா? (வாசகர், கடலூர்)

பதில்: முடியும். முடிவு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மறுபதிவை, அதாவது அடுத்த ஆண்டுக்கான பதிவை, குறித்த தேதிக்குள் செய்தாக வேண்டும். விட்டால் அந்தப் பருவம் போச்சு. தேறிய அசைன்மென்டை மறுபடி எழுத வேண்டாம். தேறாததை அப்போது நடப்பிலுள்ள புதிய கேள்விகளுக்கு எழுதுங்கள். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க ஆறாண்டு வரை அவகாசம் உண்டு.

கேள்வி: இந்தப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுக்குச் செல்லும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை. 2009-ஆம் ஆண்டு அரசாணை எண் 107 இதைச் சொல்கிறது. பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதிவிட்டுப் பட்டப்படிப்பில் சேருங்கள்.