‘வேறு வேலை தெரியாது’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: 14 வருடமாகச் சீரியல்களில் ப்ரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 38, பி.காம். படிப்பு. வீடு தண்டையார்பேட்டை, ஷூட்டிங் பெரும்பாலும் பூந்தமல்லிப் பக்கம். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். சீரியலை நிறுத்திவிட்டால் அடுத்தது கிடைக்கும்வரை வருமானம் இல்லை. போன வருடம் 190 நாள்தான் வேலை, அதிலும் 40,000 ரூபாய் பாக்கி. வேறு வேலை எதுவும் தெரியாது. தவணையில் ஒரு கேமரா வாங்கி யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஆரம்பிக்காதீர்கள். நீள வீடியோ போடும் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் விளம்பரப் பங்கு கிடைக்கும். கேமராவின் தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். நிலையில்லாத வருமானத்திலிருந்து வெளியேற நினைப்பவர் கடனோடு இன்னொரு நிலையில்லாத வருமானத்துக்குள் போகக் கூடாது.

முதலில் உங்கள் சம்பளத்தைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 2,000 என்றதும் மனது மாதம் 50,000 என்று எண்ணிக்கொள்கிறது. 190 நாளுக்கு 3,80,000. பாக்கி போனால் 3,40,000. பூந்தமல்லிக்குப் போக வர 50 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 9,500 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கொடுத்து, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் 21,000 அதில் கரைகிறது. மிச்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 26,600-கூட முழுதாக வரவில்லை. இனி யாராவது 24,000 சம்பளம் என்றால் 50,000-த்தோடு ஒப்பிடாதீர்கள், இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். பி.எஃப். உண்டா என்றும் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கும் 12 சதவீதம். பேட்டாவில் இது எந்தக் காலத்திலும் கிடையாது.

அடுத்து, ‘வேறு வேலை தெரியாது’ என்ற வரி. இது உண்மையல்ல. அறுபது பேரைக் குறித்த நேரத்துக்கு ஒரு இடத்தில் சேர்ப்பது, வண்டி, சாப்பாடு, ஜெனரேட்டர் டீசல், லொக்கேஷன் வாடகை எல்லாவற்றையும் கையில் இருக்கும் அட்வான்ஸுக்குள் முடிப்பது, இரவே வவுச்சரோடு கணக்கை ஒப்படைப்பது, ஒரு ஆர்ட்டிஸ்ட் வராவிட்டால் அரை மணியில் சீன் வரிசையை மாற்றி நாளைக் காப்பாற்றுவது – இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். இதே திறமைக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில், துறைமுகச் சரக்குப் போக்குவரத்து, உங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றும் உங்கள் பக்கத்துக் கடற்கரையில்தான். சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் சுங்கத் தரகர்களும் சரக்கு முகவர்களும் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் நிறைந்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால், அந்தத் தெருக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணடி மூன்றாவது நிறுத்தம்.

அங்கே நீங்கள் கேட்க வேண்டியது டிரான்ஸ்போர்ட் கோஆர்டினேட்டர் அல்லது ஆபரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை. இறக்குமதி கன்டெய்னருக்குச் சுங்க அனுமதி வந்ததும் கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் (பெட்டியை எடுத்துப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கி, டிரெய்லர் பிடித்து, சரக்கை இறக்கி, காலிப் பெட்டியைக் குறித்த யார்டில் இலவச நாட்களுக்குள் திருப்பிவிட வேண்டும். டெலிவரி ஆர்டரின் தேதி முடிந்தாலோ, டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டு பெட்டி ஒரு நாள் தாமதமானாலோ வாடகை ஏறிக்கொண்டே போகும். ஏற்றுமதியில் ஒவ்வொரு கப்பலுக்கும் கட்-ஆஃப் நேரம் இருக்கும், அதற்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. அதில் ஒரு இலக்கம் தவறினாலும் கேட்டிலேயே வண்டி நின்றுவிடும், கட்-ஆஃப் தப்பினால் சரக்கு அடுத்த கப்பலுக்குப் போய்விடும். டெலிகாஸ்ட் நேரத்தைப் பிடித்தே பழகியவருக்கு இந்த நெருக்கடி புதிதல்ல.

சுங்கத் தரகர் நிறுவனத்தில் சேர்ந்தால் அவர்களே உங்களுக்கு ஹெச் கார்டுக்கு, அதாவது தேர்வு எழுதாத ஊழியருக்குச் சுங்கத் துறை தரும் அடையாள அட்டைக்கு, விண்ணப்பிப்பார்கள். பிறகு சுங்கத் துறைத் தேர்வு எழுதி, தேர்ச்சி பெற்ற ஊழியருக்கான ஜி கார்டு வாங்கலாம். பட்டதாரி என்பதால் தரகர் உரிமத்துக்கான எஃப் கார்டு தேர்வுக்கும் பின்னால் வழியிருக்கிறது. முதல் வருடத்திலேயே ஜி கார்டைக் குறிவையுங்கள், சம்பளம் அதிலிருந்துதான் நகரும்.

பயோடேட்டாவை மாற்றி எழுதாமல் போகாதீர்கள். ‘ப்ரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று மட்டும் போட்டால் தொழிற்சாலைப் பொறுப்பு என்று நினைத்து எந்த மெஷின் என்று கேட்பார்கள். சீரியல் பெயர்களும் நடிகர்கள் பெயர்களும் வேண்டாம். தினமும் எத்தனை பேர், எத்தனை வண்டி, எவ்வளவு ரொக்கம் கையாண்டீர்கள், எத்தனை எபிசோடு தடையில்லாமல் போனது என்று எண்ணிக்கையாகப் போடுங்கள். வேலை கேட்டுப் போவதற்கு முன் எக்செல்லில் ஃபில்டர், வி-லுக்கப், பிவட் மூன்றும் கைக்கு வந்திருக்க வேண்டும். கையெழுத்து நோட்டில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நேர்முகத்தில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

சான்றுகளைச் சேர்ப்பது இதைவிட அவசரம், அதுவும் விலகப்போவதாகச் சொல்வதற்கு முன்பே. சொன்ன பிறகு கடிதமும் வராது, பாக்கியும் இழுக்கும். அனுபவச் சான்றிதழைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் தேதிகளோடு வாங்குங்கள். டைட்டில் கார்டில் உங்கள் பெயர் வரும் இடங்களைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பேமென்ட்டில் வரி பிடித்திருந்தால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் அது பதிவாகியிருக்கும். எந்தக் கம்பெனிக்கு எந்தக் காலத்தில் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணமும் திரும்ப வர வாய்ப்புண்டு. 40,000 பாக்கியை வாய்வார்த்தையில் கேட்காதீர்கள். எந்தத் தேதிகளுக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதிலை வாங்கிவிடுங்கள்.

புதிய இடத்தில் முதல் மூன்று மாதம்தான் கடினம். ஷூட்டிங் செட்டில் ஒரு குரல் கொடுத்தால் வேலை நடக்கும். இங்கே மெயிலில் அனுமதி வராமல் ஒரு ரூபாய்கூட நகராது, மேலதிகாரி உங்களைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம், இரவு ஷிஃப்டும் வரும். இதைச் சகிக்காமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. திரும்பும்போது பழைய யூனிட்டில் இடம் இருப்பதில்லை.

கல்யாண ஈவென்ட் வேலைக்குக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள், அதுவும் சீசன் பணம், அங்கேயும் பாக்கிதான். சீரியல் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் கார்டை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். புது வேலை நிரந்தரமாகும்வரை சந்தாவைக் கட்டிக்கொண்டிருங்கள்.