மெஷின் கொலுசு ஏன் அறுகிறது?

கேள்வி: அம்மாவின் பழைய கொலுசு இன்னும் உழைக்கிறது. மகளின் மெஷின் கொலுசு ஆறே மாதத்தில் அறுந்துவிட்டது. வெள்ளி மட்டமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: எடையைப் பாருங்கள். கைவேலைக் கொலுசில் கம்பி தடிமன். வளையத்துக்கு வளையம், பற்றவைக்கும் வெள்ளிப் பொடி வைத்து, தீயை ஊதி ஒட்டியிருப்பார்கள். மெஷின் கொலுசு அச்சில் அடித்த மெல்லிய தகடு, உள்ளே வெற்றிடம். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகளும் தினம் போடும்படி விலை இறங்கியது, நல்ல மாற்றம்தான். ஆனால் இழுப்பெல்லாம் கொலுசைப் பூட்டும் திருகாணியை ஒட்டிய வளையத்தில் விழும், பெரும்பாலும் அறுவதும் அங்கேதான். வாங்கும்போதே அந்த வளையத்தைத் திருப்பி, வாய் மூடியிருக்கிறதா பாருங்கள். உங்கள் ஊர்ச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் தடித்த வளையமாக மாற்றித் தருவார்கள். வெள்ளி மட்டமா என்பதை முத்திரையில் பாருங்கள்: 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அறுந்ததை ஈயம் வைத்து ஒட்ட மட்டும் விடாதீர்கள். பிறகு வெள்ளிப் பொடி வைத்துச் சூடேற்றினால் ஈயம் உள்ளே இறங்கி, அந்த இடமே குழி விழுந்து அரித்துப்போகும்.