பவளத் தீவுகளுக்குள் பாய்மரப் படகுகள் ஏன் வெயில் ஏறிய பிறகே நுழைகின்றன?

பசிபிக்கில் துவாமோத்து தீவுத்தொடர் போன்ற இடங்களில், வளையத் தீவுகளின் உள்ளே இருக்கும் காயலில் பவளப் பாறைகள் திட்டுத் திட்டாக எழுந்து நிற்கும். அங்கே மாலுமிகள் நம்புவது நீரின் நிறத்தை. கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பாறை, விலகிவிட வேண்டும். இதுதான் கண்ணால் பார்த்துப் படகோட்டுவது.

சூரியன் உயர்ந்து, முடிந்தால் முதுகுப் பக்கமும் இருந்தால்தான் ஒளி நீருக்குள் இறங்கி, அடியில் கிடப்பதைக் காட்டும். தாழ்ந்த வெயிலில் நிறைய ஒளி நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துவிடும். நம் ஊர்க் குளத்திலேயே பார்க்கலாம்: நண்பகலில் படியோரத்து மீன்குஞ்சு தெரியும், சாயங்காலம் எதிர்வெயிலில் வெறும் மினுமினுப்புதான். அதனால் ஒருவர் முன்முனையில் நின்று பாதை சொல்வார். பாய்மரத்தில் கொஞ்சம் ஏறி நின்றால் இன்னும் நன்று. மேகம் மூடினால் பேசாமல் வெளியே காத்திருப்பதே என் கட்சி.

'ஜிபிஎஸ் இருக்கிறதே' என்று பலர் கேட்பார்கள். அது படகு நிற்கும் இடத்தைத்தான் சரியாகச் சொல்லும். வரைபடத்தில் விடுபட்ட பாறை அதற்கும் தெரியாது.