ஆறு நாளா, 1380 கோடி வருடமா?

கேள்வி: மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். யூடியூபில் பெருவெடிப்பைப் பற்றிப் பார்த்ததிலிருந்து பூசைக்கு வரமாட்டேன் என்கிறான். "பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயசு. உங்கட பைபிளில ஆறு நாள். ரெண்டில ஒண்டு பொய்" என்று வாதாடுகிறான். என்ன பதில் சொல்ல?
- ஒரு தாய், தாண்டவன்வெளி, மட்டக்களப்பு

பதில்: தங்கச்சி, பெருவெடிப்புக்கு அடிபோட்டவர் யார் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஜோர்ஜ் லெமைத்தர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குருவானவர். 1923இல் குருப்பட்டம் பெற்றார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாம் ஓர் 'ஆதி அணு'விலிருந்து புறப்பட்டது என்று 1931இல் எழுதினார். அப்போது முகம் சுளித்தவர்கள் விஞ்ஞானிகள்தான்; பைபிளின் தொடக்கநூல் வாசம் அடிக்கிறதே என்று சிலருக்குச் சந்தேகம். பெருவெடிப்பு என்ற பெயரையே, அதை நம்பாத ஆங்கிலேய வானியலாளர் பிரெட் ஹொயில்தான் 1949இல் பிபிசி வானொலியில் வைத்தார்.

ஆனால் இதை வைத்து மகனை மடக்கப் பார்க்காதீர்கள். 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், "ஒளி தோன்றுக" என்று கடவுள் சொன்ன கணத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்கிறது என்ற பாங்கில் பேசினார். அதில் சங்கடப்பட்டவர் லெமைத்தரேதான். தன் கணக்கு கடவுளுக்குச் சாட்சியும் இல்லை, எதிர்ச்சாட்சியும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நாளைக்கு விஞ்ஞானம் கணக்கை மாற்றினால் விசுவாசத்தையும் மாற்றுவதா?

சரி, அந்த ஆறு நாள்? முதல் நாளே ஒளி வந்துவிடுகிறது, சூரியன் வருவதோ நாலாம் நாள். சூரியன் இல்லாமல் மூன்று மாலையும் காலையும் எப்படி வந்தன? சுமார் 1600 வருடங்களுக்கு முன்பே புனித அகுஸ்தீனார் இதில் மண்டையை உடைத்து, இவை நாம் எண்ணும் நாட்கள் அல்ல என்றார். "மாலையும் காலையும் நிறைவுற்று" என்று அடிக்கொரு தடவை திரும்ப வருவதைக் காதால் கேளுங்கள், கூத்தில் பிற்பாட்டுப் பாடுவதுபோல இருக்கும். அரசன் கொலுவுக்கு வந்தான் என்று களரியில் பாடினால் எத்தனையாம் திகதி என்று நாம் கேட்பதில்லையே.

இன்னொன்று. ஞாயிறு காலையில் ரியூசன் வைக்கும் மாஸ்டர்மாரையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். பையன் பூசைக்கு வராததற்குப் பிரபஞ்சம் மட்டும்தான் காரணமா?

பழைய பெட்டி டிவி வீட்டில் கிடந்தால், சனல் இல்லாத இடத்துக்குத் திருப்பி மகனோடு உட்காருங்கள். திரையில் புழுப் புழுவாக நெளியும் அந்தப் புள்ளிகளில் ஒரு சிறு பங்கு, பிரபஞ்சம் தோன்றி 3,80,000 வருடங்களில் புறப்பட்ட ஒளியின் மிச்சம். அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்த செய்தி 1965இல் வெளியானது. லெமைத்தர் 1966இல் இறப்பதற்குச் சற்று முன்புதான் அது அவர் காதுக்கு எட்டியது. இதை அவனுக்குச் சொல்லுங்கள். அன்றைக்குப் பூசைப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்.