புல்லட்டுக்கு எலெக்ட்ரானிக் இக்னிஷன்: டைமிங்கை எதை வைத்துப் பார்த்தார்கள்?

கேள்வி: அப்பா 1986-இல் வாங்கிய புல்லட் 350 இன்னும் ஓடுகிறது. சி.பி. பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பிளக்கில் பொறி விழவைக்கும் சிறு சுவிட்ச்) மாடல். மாதம் ஒருமுறை பாயிண்டைத் தேய்த்து கேப் வைக்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரானிக் கிட் போட்டுவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாங்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். மாதாமாதம் பாயிண்ட் கருகுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, பாயிண்டில் தீப்பொறி எழாமல் காக்கும் கண்டென்சரை. அதை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. மாற்றிவிட்டு, கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் ஃபீலர் கேஜால் வைத்து, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கிட் பணம் மிச்சம்.

அதற்குப் பிறகும் வாங்குவது என்று முடிவு செய்தால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒன்று, உங்கள் வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா? சந்தையில் கிடைக்கும் கிட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்கானவை. 6 வோல்ட் வண்டி என்றால் பேட்டரி, காயில், பல்பு, ஹாரன் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். சார்ஜிங் பக்கமும் வேலை இருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரண்டு, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயிண்டைத் தடுமாற வைக்கும் அதே ஆட்டம், நாளைக்கு அந்த ஷாஃப்டில் உட்காரும் கிட்டின் காந்தத்தையும் ஆட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். இன்ஜின் வேகத்துக்கேற்பப் பொறியை முன்னதாக விடுவதற்கு அட்வான்ஸ் என்று பெயர்; பழைய வண்டியில் அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் வெயிட்டும் ஸ்பிரிங்கும். கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்தக் கிட் அட்வான்ஸைத் தானே பார்த்துக்கொள்ளுமா, இல்லை பழைய வெயிட்-ஸ்பிரிங்கை வைத்து ஓடுமா?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் கிட்டும் வாங்க வேண்டாம், மாட்டவும் விட வேண்டாம். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு என் பழைய 350-க்கு எலெக்ட்ரானிக் கிட் மாட்டினேன். அன்றிலிருந்து கிக்கர் ரிட்டர்ன் அடிக்கிறது. மேடு ஏறும்போது இன்ஜினில் டக் டக் என்று சத்தம். மாட்டிய கடையில் "டைமிங் எல்லாம் கரெக்டா வச்சாச்சு, பெட்ரோல்தான் சரியில்லை" என்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: வண்டியை இனி ஓட்டாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் நெருப்பு நேரத்துக்கு முன்பே விழுவதைத்தான் காட்டுகின்றன. பெட்ரோல் எரிந்து முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே பிளக்கில் பொறி விழ வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இந்த முன்தூரம் (இதுதான் அட்வான்ஸ்) சிறிதாக இருந்தால் போதும். வேகம் கூடக் கூட இது அதிகமாக வேண்டும். பாயிண்ட் வண்டியில் இதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு வெயிட்டும் ஸ்பிரிங்கும். வெயிட் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சியிலிருந்து 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும் என்பது புல்லட்டின் பழைய கணக்கு. கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) டிகிரியில் சொன்னால் கிட்டத்தட்ட பத்து. மீதியை வேகம் ஏறும்போது வெயிட் விரிந்து பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் பேப்பரைச் செருகி, அது நழுவும் கணத்தைப் பிடிப்பார்கள். அந்த முறையில் குறை ஒன்றும் இல்லை.

எலெக்ட்ரானிக் கிட்டுகளில் பலவற்றில் அட்வான்ஸை, கிட்டோடு வரும் எலெக்ட்ரானிக் பெட்டியே கூட்டிக்கொள்கிறது. அப்படிப்பட்ட கிட் போடும்போது பழைய வெயிட்-ஸ்பிரிங் அமைப்பைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அசையாமல் பூட்ட வேண்டும். அது உள்ளேயே இருந்தால் பெட்டியும் கூட்டும், வெயிட்டும் கூட்டும். இன்னொரு தவறும் நடக்கிறது: கிட்டின் காந்தத்தையும் பழைய பாயிண்ட் கணக்கான 0.8 மில்லிமீட்டருக்கே வைத்துவிடுவது. இந்த வகைக் கிட்டுகளில் பலவற்றின் கையேட்டில் இருப்பது முழு அட்வான்ஸ் நிலையின் அளவு. இரண்டும் வேறு வேறு. 0.8-இல் வைத்தால் நெருப்பு மிகவும் தாமதமாகி வண்டி இழுக்காது, சைலன்சர் கொதிக்கும். அப்புறம் "இழுக்கவில்லையே" என்று காந்தத்துக்கு எதிரே இருக்கும் கிட்டின் பிளேட்டைக் குத்துமதிப்பாகத் திருப்புவார்கள். அதில் அளவு தாண்டினால் உங்கள் வண்டியின் நிலைமைதான்.

இதே டக் டக் சத்தத்தோடு என் 350-ஐ மூன்று மாதம் ஓட்டினேன். ஒரு பட்டறையில் கிட் மாட்டித் தந்திருந்தார்கள், நானும் பெட்ரோலைத்தான் குறை சொன்னேன். கடைசியில் ஹெட்டைக் கழற்றினால், பிஸ்டன் தலையின் ஓரம் எலி கரம்பிய தேங்காய்ச் சில்லு மாதிரி அரித்துக் கிடந்தது. ரீபோருக்கும் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) புதுப் பிஸ்டனுக்கும் ஆன செலவு கிட் விலையைத் தாண்டிவிட்டது. உங்களை இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

சரி, முறையாக வைத்தால் எப்படி இருக்கும்? கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஒரே பெரிய நட்டை விட்டால் பிரைமரி கவர் (இன்ஜினின் இடப்பக்கச் செயின் மூடி) வந்துவிடும். அடியில் ஆயிலுக்குத் தட்டு வைக்க வேண்டும். கிராங்க் முனையில் டிகிரி தட்டைப் பொருத்துவார்கள். பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிக்க, பிளக் துளையில் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு "இதுதான் டாப்" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பிளக் சாய்ந்து இருப்பதால் கம்பியும் சாய்ந்தே போகும். தவிர உச்சிக்கு அருகில் பல டிகிரிக்குப் பிஸ்டன் நகர்வதே தெரியாது. சரியான வழி, பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகிவிட்டு, இன்ஜினைக் கையால் முன்பக்கம் மெதுவாகச் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறிப்பது. பின்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தைக் குறிப்பது. இரண்டுக்கும் நட்டநடுவே உச்சி.

தடுப்பை எடுத்த பிறகு, உச்சிக்கு முன்னால் கையேடு சொல்லும் முழு அட்வான்ஸ் டிகிரிக்கு கிராங்கைக் கொண்டுவந்து, கையேட்டின் படி காந்தத்தின் கோட்டைப் பிளேட்டின் குறியோடு சேர்ப்பார்கள். பெரும்பாலான பட்டறைகளில் இத்தோடு "டைமிங் வச்சாச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். இது பாதி வேலை. வண்டி ஓடும்போது பெட்டி உண்மையில் எங்கே நெருப்பு விடுகிறது என்று டைமிங் லைட் (பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கு) அடித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அதற்கு, கிராங்கை அந்த முழு அட்வான்ஸ் நிலையில் வைத்துக்கொண்டே மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் ரோட்டரில் (சுற்றும் பாகம்) ஒயிட்னரால் மெல்லிய கோடு, அதற்கு எதிரே ஸ்டேட்டரில் (அசையாத பாகம்) ஒரு கோடு. டிகிரி தட்டைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து லைட்டைக் காட்டினால், சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர் கண்ணுக்கு அப்படியே நின்றுவிடும். ஆக்சிலரேட்டரைக் கொடுக்கக் கொடுக்க வெள்ளைக் கோடு மெல்ல நகரும். புல்லட்டில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். இனிமேல் கோடு நகரவில்லை என்னும் இடம்தான் முழு அட்வான்ஸ். அந்த இடத்தில் இரண்டு கோடுகளும் சேர வேண்டும். சேராவிட்டால் பிளேட்டைத் திருப்புவார்கள், ஆனால் ஒரு மயிரிழைதான். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே ஒரு டிகிரி என்றால் இங்கே இரண்டு. செயின் திறந்து ஓடும் பக்கம் வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் வரக்கூடாது. காற்றில் குளிரும் இன்ஜின், நின்ற இடத்தில் முறுக்கினால் சீக்கிரம் சூடேறும்; முன்னால் ஒரு ஃபேன் வைத்துச் சுருக்கமாக முடிக்க வேண்டும்.

எனவே கடைக்குப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எந்த லைட்டை வைத்துப் பார்த்தீர்கள்? இப்போது எனக்குக் காட்டுங்கள்." காட்டினால் நல்லது. காட்ட முடியாவிட்டால் அவர்கள் செலவில் வெயிட் அமைப்பையும் டைமிங்கையும் சரிசெய்து தரச் சொல்லுங்கள். டைமிங் சரியான பிறகும் சத்தம் வந்தால் பெட்ரோலைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: டைமிங் லைட் சொந்தமாக வாங்க ஆசை. எது வாங்குவது? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பிளக் ஒயரின் மேல் கவ்வும் கிளிப் உள்ள சாதாரண லைட் போதும். பின்னால் டிகிரி டயல் வைத்த விலை கூடிய மாடல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விடும் கிட்டுகளில் அது தப்பான எண்ணைக் காட்டக்கூடும். லைட்டுக்கான கரண்டை வண்டி பேட்டரியில் எடுக்காமல் தனி 12 வோல்ட் பேட்டரியில் எடுங்கள். இல்லாவிட்டால் சில லைட்டுகள் கண்டபடி மின்னும். வண்டியின் பேட்டரியும் நல்ல சார்ஜில் இருக்கட்டும். வோல்ட் இறங்கினால் சில பெட்டிகளின் டைமிங்கே தடுமாறும்.

கேள்வி: கிட் மாட்டி மூன்றே வாரத்தில் பெட்டி செத்துவிட்டது. எலெக்ட்ரிக்கல் சாமானைத் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இரண்டுமே தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது, உடனே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.

"பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததால் போய்விட்டது" என்று சொல்லக்கூடும். மாட்டியது அவர்களே என்றால் அதுவும் அவர்கள் பொறுப்பு. நீங்களே மாட்டியிருந்தால், அல்லது பெட்டியைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைத்திருந்தால், உங்கள் வழக்கு பலவீனமாகும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், கிட் வந்த அட்டைப்பெட்டி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். செத்த பெட்டியை யாரிடமும் "பிரித்துப் பார்க்கிறேன்" என்று கொடுத்துவிட வேண்டாம். சீல் உடைந்தால் கடைக்காரருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.