வாசகர் கேள்வி – பதில்: ஆலயத்து ஸ்டாரை அரை மணி நேரம் அணையுங்கள்

கேள்வி: டிசம்பர் 24 இரவு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலய வளாகத்தில் வானத்தைக் காட்டி, சங்கீதம் 19 வாசிக்க நினைக்கிறோம். டெலஸ்கோப் கிடையாது. எதைக் காட்டலாம்?
– வாலிபர் சங்கப் பொறுப்பாளர், பாளையங்கோட்டை

பதில்: யோபு 38:31-ஐயும் சேர்த்து வாசியுங்கள். அதில் வரும் அறுமீனும் மிருகசீரிஷமும் அன்று கண்ணெதிரே நிற்கும். இரவு 8 மணிக்குக் கிழக்கே பாருங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் மிருகசீரிஷத்தின், அதாவது வேட்டைக்காரன் உருவமாகச் சொல்லப்படும் ஓரியனின், இடுப்புக் கச்சை. அந்தக் கோட்டை மேலே நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி, அதற்கும் மேலே சின்னக் கொத்தாக அறுமீன், அதாவது நம் கார்த்திகை. கீழே நீட்டினால் பளிச்சென்று சிரியஸ். சிரியஸையும் மிஞ்சி, மினுக்காமல் ஒன்று ஒளிர்ந்தால் அது கோள்.

கெடுப்பது பெரும்பாலும் நாமே கட்டிய ஸ்டாரும் சீரியல் பல்பும்தான். சேகர குருவிடம் சொல்லி அவற்றை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். யாராவது செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டார்ச்சில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், வேதாகமம் வாசிக்க அது போதும். தேதிக் காலண்டரில் நிலவையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாளென்றால் அறுமீன் மங்கிவிடும்.

7×50 பைனாகுலர் (7 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 50 மி.மீ. அகலம்) கிடைத்தால் விடாதீர்கள். முழங்கையை மதில்மேல் ஊன்றிப் பார்த்தால் அறுமீனில் ஆறல்ல, பல டஜன் தெரியும்.

கேள்வி: போன வருடம் பைனாகுலர் கொஞ்ச நேரத்திலேயே மங்கிவிட்டது. ஏன்?
– வாசகி, நாசரேத்

பதில்: பனி. திறந்த வானத்தைப் பார்க்கும் லென்ஸ் தன் சூட்டை இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, ஈரம் அதில் படிகிறது. சேலைத் தலைப்பால் துடைத்தால் மேற்பூச்சில் கீறல் விழும். சார்ட் பேப்பரைச் சுருட்டி, லென்ஸுக்கு முன்னால் 10 செ.மீ. நீளும்படி மாட்டுங்கள். பார்க்காத நேரத்தில் மூடி போட்டு வையுங்கள்.

கேள்வி: அந்த மூன்று நட்சத்திரங்களும் ‘மூன்று ராஜாக்கள்’, டிசம்பர் 24 அன்று மட்டும் பெத்லகேம் நட்சத்திரத்தைக் காட்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பெயர் உண்மை, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அப்படித்தான் சொல்கிறார்கள். மற்றது கதை. அந்தச் செய்தி பெத்லகேம் நட்சத்திரம் என்பது சிரியஸைத்தான்; கச்சை அதை எல்லா நாளும்தான் காட்டுகிறது. மத்தேயு 2-லோ சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை.

கேள்வி: வியாழனும் சனியும் சேர்ந்ததுதான் அந்த நட்சத்திரமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கி.மு. 7-இல் அவை மூன்று முறை நெருங்கியதை வானியலாளர் கெப்ளர் கணக்கிட்டார். ஆனால் இடைவெளி ஏறத்தாழ ஒரு பாகை, இரண்டு முழு நிலவின் அகலம். ஒரே நட்சத்திரமாகத் தெரிந்திருக்காது. பிள்ளைகளிடம் அதை முடிவாகச் சொல்லாதீர்கள்.