மூட்டையோடு நெடுந்தூரம் போக ஸ்டீல் ஃபிரேமே போதும்

நண்பரே, உங்கள் எடை 92 கிலோ, கேரியரில் 20 கிலோ மூட்டை, நாள் முழுக்க ஓட்டம். அளவெடுத்துச் செய்யப்போகும் சைக்கிள் ஃபிரேமுக்கு எந்த உலோகம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் க்ரோமோலி ஸ்டீல் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) எடுங்கள்.

அலுமினியம் எடை குறைவு, உண்மைதான். ஆனால் ஸ்டீலுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள விசையை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது, சின்னச் சின்ன உலுக்கலும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். மூட்டை ஏற்றும் வண்டியில் இது சாதாரண விஷயம் இல்லை.

வரம்பு மீறி விரிசல் விட்டாலும் ஸ்டீலைச் சரிசெய்வது சுலபம். என் ஸ்டீல் ஃபிரேமில் பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தருகே பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தது, ஓரத்தில் லேசாகத் துரு. சுரண்டிப் பார்த்தால் விரிசல். பற்றவைத்து, அன்று மாலையே ஓட்டினேன். டைட்டேனியம் துருப்பிடிக்காது, அருமையான உலோகம்; ஆனால் பற்றவைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். வழியில் உடைந்தால் அதை யார் செய்வார்கள்?

அப்புறம், சொகுசுக்காக உலோகத்தைத் தேடாதீர்கள். அது பெரும்பாலும் டயரில் இருக்கிறது. 45 மில்லிமீட்டர் டயரும் மட்கார்டும் சேர்ந்து நுழைய இடம் விடச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்ததும் குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெய் தெளிக்க மறக்க வேண்டாம்.